மதகுக்காரர் வீடு, பார்வை நேரம் ஒன்பது முதல் ஐந்து

தான் பிறந்த வீட்டைத் தினமும் காலை ஒன்பது மணிக்குத் திறந்து, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, சேத்துக் காலணிய வாசல்லயே கழட்டிடுங்க" என்று முன்பின் தெரியாதவர்களை வரவேற்பதுதான் அவளுடைய வேலை. ஐந்து மணிக்குப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் குடியிருப்புக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய அப்பா இருப்பார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவளை அவர் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவரைப் பார்த்து ஏரிக்கரை முழுக்க அவளுக்குப் பாப்பா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மலைகளுக்கு நடுவே மேல் ஏரி, கீழ் ஏரி என்று இரண்டு ஏரிகள். இரண்டுக்கும் குறுக்கே ஒரு கல் அணை, அதில் மூன்று மதகுகள், அணையை ஒட்டி மூன்று அறை கொண்ட கல் வீடு. அப்பா முப்பத்தெட்டு வருஷம் அந்த மதகுகளைக் காத்தவர். பனி உருகும் காலத்தில் மேல் ஏரி எகிறும்போது இரும்புச் சக்கரத்தைச் சுற்றி ஷட்டரைத் தூக்கி, கீழே இருக்கும் ஊர்களுக்குச் சேதம் வராமல் தண்ணீரை அளந்து விடுவது அவர் பொறுப்பு. பிறகு மோட்டார் வந்தது. எங்கோ தூரத்து அலுவலகத்தில் யாரோ பொத்தானை அமுக்கினால் இங்கே ஷட்டர் ஏறியது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஆறு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டைப் பாரம்பரியத் துறை எடுத்துக்கொண்டு, வெள்ளையடித்து, "மதகுக்காரர் வீடு" என்று பலகை மாட்டியது. ஏரிகளைச் சுற்றி நடைபாதை போட்டார்கள். வசந்தம் பிறந்ததும் முதுகுப்பையும் கைத்தடியுமாக நடக்க வருகிறவர்கள், சைக்கிள்காரர்கள், பறவை பார்க்கிறவர்கள், துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

வீட்டைச் சுற்றிக் காட்ட ஆள் வேண்டும் என்றபோது பாப்பா மனுப் போட்டாள். அவளைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் மேலாளர் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிட்டார். "இதுல இருக்கறத மட்டும் சொல்லுங்கம்மா. 'எங்க அப்பா, எங்க அம்மா'ன்னெல்லாம் ஆரம்பிக்காதீங்க. பாக்க வர்றவங்களுக்குச் சங்கடமாப் போயிடும்."

அதனால் அவள் சொந்தக் கதையை யாருடைய கதையோ போலச் சொல்லப் பழகிக்கொண்டாள். "மதகுக்காரர் இந்தக் கட்டிலில்தான் உறங்கினார். அவருடைய குடும்பம் எளிமையாக வாழ்ந்தது." கட்டில் மட்டும்தான் உண்மையில் அவர்களுடையது. மற்ற சாமான்களை எங்கிருந்தோ வாரிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள். மூலையில் ஒரு தொட்டில், செதுக்கு வேலைப்பாட்டோடு. அவளும் தம்பியும் வளர்ந்தது மீன்கூடையில். அம்மா இருமி இருமிக் கண்மூடிய பின்னறைக்குச் "சேமிப்பு அறை" என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் வருஷம் அந்த வாசலை அவள் நிற்காமல் வேகமாகக் கடந்துவிடுவாள். இரண்டாவது வருஷம் நின்றே பேசினாள். எல்லாவற்றுக்கும் மனுஷ உடம்பு பழகிவிடுகிறது.

அப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து இரண்டு வருஷம். குளிர்காலத்தில் அடங்கித்தான் கிடந்தார். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்ததால் அவருக்கும் வேலை ஓய்ந்தது போலும். ஓடைகளில் தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கியதுதான் தாமதம், மனிதர் இருப்புக்கொள்ளாமல் போனார். ஒருநாள் காலை அவள் எழுந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். அங்கும் இங்கும் தேடி, கடைசியில் வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினால், கல் வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

"சாவி எங்க பாப்பா? உங்கம்மா உள்ள தாழ் போட்டுட்டுத் தூங்கறாளா?"

"இது இப்ப நம்ம வீடு இல்லப்பா."

"பின்ன யாரு வீடு? உளறாம கதவைத் திற. குளிருது."

திறந்தாள். வேறென்ன செய்வது? அவர் நேராக உள்ளே போய், பார்வையாளர் கிட்டே போகாமல் இருக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். அடுத்த நிமிஷம் குறட்டை. எழுப்பலாம் என்று அவள் கிட்டப் போவதற்குள் ஏரியைச் சுற்றி நடக்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாய் மட்டும் பழக்க தோஷத்தில் ஓடியது. "மதகுக்காரர் இந்தக் கட்டிலில்தான் உறங்கினார்..."

ஒரு அம்மாள் கைதட்டியே விட்டாள். "அடடா, ஆளையே படுக்க வெச்சிருக்காங்க பாருங்க! குறட்டை கூட எவ்வளவு இயல்பா இருக்கு!"

படம் எடுத்தார்கள். அப்பா விழித்துப் பார்த்து, "யார் இவங்கல்லாம்? தண்ணி பாக்க வந்த அதிகாரிங்களா? டீ போடு பாப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் சேதி கேட்டு ஓடி வந்தார். வேலை போச்சு என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ வந்தவர்களின் முகங்களைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவளைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தணித்து, "தினம் வரச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொன்னதா இருக்க வேணாம்" என்றார். மறுநாள் சாமான் அறையிலிருந்து ஒரு பழைய நீலத் தொப்பியும் வந்து சேர்ந்தது.

"இது யார் தொப்பி?" என்று அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எந்தக் காலத்துல தொப்பி போட்டேன்?" ஆனால் போட்டுக்கொண்டார்.

அடுத்த இரண்டு வாரம் அவள் வாழ்க்கையில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். அப்பா சாப்பிட்டார், தூங்கினார், மழித்துக்கொள்ள முகத்தைக் காட்டினார். அவள் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துக்கொண்டிருப்பாள், அவர் நாற்காலியில் உட்கார்ந்து உன்னிப்பாகக் கேட்பார்.

"மதகுக்காரர் மிகவும் கண்டிப்பானவராக இருந்தார். தினமும் விடியுமுன்னே எழுந்து நீர்மட்டத்தைக் குறித்து வைத்தார்."

"இருந்தார், இருந்தார்ங்கறியே, அந்த ஆளு செத்துட்டானா?"

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஒருமுறை மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

கீழ் ஏரிக் கரையில் படகு வாடகைக்கு விடும் பெண்மணியை எல்லாரும் துடுப்பு அக்கா என்பார்கள். தோள் இரண்டும் ஆம்பளைத் தோள், மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாத வாய். அவள் ஒருநாள் மதியம் மேலே ஏறி வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் தொப்பியோடு உட்கார்ந்திருந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, நீ பண்றது சரியில்ல. கூண்டுல வெச்சு வேடிக்கை காட்டற மாதிரி இருக்கு."

"வீட்டுல பூட்டி வெச்சுட்டு வந்தா மட்டும் சரியாக்கா? காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கதவைத் தட்டிட்டே இருப்பாரு. இங்க சந்தோஷமா இருக்காரு."

"அவரு சந்தோஷமா இருக்காரு, சரி. என்னிக்காவது ஒருநாள் முழிச்சுக்கிட்டா?"

"முழிக்கற நோயில்லக்கா அது" என்றாள் பாப்பா.

மூன்றாவது வாரம் வெயில் திடீரென்று ஏறியது. மலை முகடுகளில் இருந்த பனியெல்லாம் நாலே நாளில் கரைந்து இறங்கியது. ஓடைகள் சேற்று நிறத்தில் பாய்ந்தன. மேல் ஏரிக் கரையில் மட்டம் பார்ப்பதற்காகப் படிக்கட்டுப் போல ஐந்து கற்கள் பதித்திருக்கும். அப்பா கட்டிலில் தங்குவதை விட்டார். வாசலுக்கும் கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"மூணாவது கல்லைத் தாண்டிடுச்சு. ஷட்டரைத் தூக்கணும் பாப்பா. இன்னிக்கே தூக்கணும்."

"தூக்கிடுவாங்கப்பா. மோட்டார் இருக்கு."

"மோட்டாராவது மண்ணாங்கட்டியாவது. கீழ குழந்தைங்க இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ் ஏரியில் பருவத்தின் முதல் படகோட்டம். சிவப்பும் மஞ்சளுமாக நாற்பது சிறு படகுகள் தண்ணீரில் இறங்கியிருந்தன. கரையெல்லாம் விரிப்பு, ஊஞ்சல் படுக்கை, சத்தம். கல் வீட்டில் காலையிலிருந்து நிற்க இடமில்லை. அணை மேல் இருந்த பழைய இரும்புச் சக்கரத்தைத் துறை ஷட்டரைத் தூக்கும் சங்கிலியிலிருந்து கழற்றிவிட்டு, எண்ணெய் போட்டு, "சுற்றிப் பாருங்கள்" என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தது. ஒரு சின்னப் பெண் அதைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பாப்பா உள்ளே தொட்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே அப்பாவின் குரல் கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பார்த்தாள். சின்னப் பெண்ணை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் சக்கரத்தைப் பிடித்திருந்தார். முழுப் பலத்தையும் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். சக்கரம் விர்ரென்று தன் பாட்டுக்குச் சுற்றியது. இன்னொரு இழுப்பு. காற்றில் விசிறி சுற்றுவது போலச் சுற்றியது, ஒரு கனமும் இல்லாமல்.

அவர் முகம் வெளுத்துப்போனது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் கை அந்தச் சக்கரத்தில் கனத்தை உணராமல் இருந்ததே இல்லை.

"பாப்பா! சங்கிலி அறுந்துடுச்சு! ஓடு, ஓடிப்போய்ச் சொல்லு, எல்லாரையும் கரையேறச் சொல்லு! உங்கம்மாவை எழுப்பு!"

யாரோ கைதட்டினார்கள். அதைக் கேட்டு இன்னொருவர் தட்டினார். பிறகு அணை மேல் நின்ற எல்லாருமே தட்டினார்கள். ஒருவர் விசில் கூட அடித்தார். அப்பா அவர்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். ஊரே மூழ்கப் போகும்போது கைதட்டுகிறவர்களைப் பார்த்தால் ஒரு மனிதன் என்ன நினைப்பான்? அவர் சுவரோரம் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து, "போங்கடா! போங்க வெளிய!" என்று சுழற்றினார். சின்னப் பெண்ணின் அப்பாவுக்குத் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பாப்பாவின் காதுவரை வந்தது.

அப்போதுதான் கைதட்டல் நின்றது. கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்க, அப்பா கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அணையின் மேல் ஏரிப் பக்கம் இருந்த இரும்புப் படிகளில் இறங்கினார். அறுந்த சங்கிலியைத் தேடித்தான். பாசி பிடித்த படி. நாலாவது படியில் கால் வழுக்கியது. அந்தச் சேற்றுத் தண்ணீர் அவரை ஒரு சத்தமும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. நீலத் தொப்பி மட்டும் மேலே மிதந்தது.

பாப்பா அணை விளிம்பில் நின்றாள். அவளுக்கு நீச்சல் தெரியும். கத்தினால் கேட்கும் தூரத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவள் கத்தவில்லை. 'போகட்டும்' என்று ஒரு நினைப்பு வந்தது. 'இப்படியே போயிடட்டும், தன் வேலைல இருக்கும்போதே.' மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவள் மனசு அவ்வளவு அமைதியாக இருந்தது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் யாரும் பெருகிக் கிடந்த மேல் ஏரியில் இறங்கிவிடாமல் காவலாகத் துடுப்பு அக்கா அங்கேதான் தன் படகில் இருந்தாள். நாலே வீச்சில் வந்து, துடுப்பை நீட்டி, அது உதவாமல் போகவே இடுப்பளவு தண்ணீருக்குள் தொங்கி, அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். கரையில் கவிழ்த்துப் போட்டு முதுகில் குத்தினாள். தண்ணீரைக் கக்கிவிட்டு அப்பா மூச்சு விட்டார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, துடுப்பு அக்கா ஈரத் துணியோடு வந்து பாப்பாவின் எதிரே நின்றாள்.

"நான் கீழேர்ந்து உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். நீ ஏன் கத்தல?"

பாப்பா குனிந்து, கீழே கிடந்த கடப்பாரையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். அக்கா மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை.

விசாரணை வந்தது. மேலாளர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். உடல்நிலை சரியில்லாத தன் தகப்பனாரை ஊழியர் தன் சொந்தப் பொறுப்பில், அலுவலகத்துக்குத் தெரியாமல் அழைத்து வந்தார் என்று அதில் இருந்தது.

"தொப்பி குடுத்தது நீங்கதானே சார்?"

"என்ன தொப்பி?" என்றார் மேலாளர். முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. பிறகு குரலை இளக்கிக்கொண்டு, "பாருங்கம்மா, ரெண்டு பேருக்கும் வேலை போறதுல யாருக்கு என்ன லாபம்? கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்களை எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. வேலை போச்சுன்னா குடியிருப்பும் போயிடும். யோசிச்சுக்குங்க" என்றார்.

யோசிக்க என்ன இருந்தது? தோள் முறிந்தவரின் முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. யார் மேல் குற்றம் என்று வாதாட அவளுக்குத் தெம்பில்லை. போட்டாள்.

தம்பி நகரத்திலிருந்து வந்தான். வந்த அன்றே திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். "அக்கா, நீ பட்டது போதும். அடிவாரத்துல ஒரு ஹோம் இருக்கு, விசாரிச்சுட்டேன். டாக்டர் தினம் வருவாராம்."

"அவரு அங்க இருக்க மாட்டாருடா."

"இருக்க வெப்பாங்க" என்றான் தம்பி. அவன் கெட்டவனில்லை. அப்பா அவனைப் பார்த்து, "நீங்க தண்ணி இலாகாவா?" என்று கேட்டபோது வாசலுக்குப் போய் வெகுநேரம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

அடிவாரத்து ஹோம் சுத்தமாகத்தான் இருந்தது. வரிசையாகக் கட்டில்கள், பச்சை வண்ணச் சுவர், மருந்து நெடி. முதல் வாரம் அப்பா விடிந்தால் கதவைப் போட்டு உலுக்கினார். மட்டம் ஏறுது, திறந்து விடுங்க என்று கெஞ்சினார். கைகளில் கன்றிப்போன காயம். பாப்பாவால் பார்க்க முடியவில்லை. டாக்டரிடம் போய், "வேற ஒண்ணும் வேணாம் டாக்டர். அந்தத் தண்ணிப் பயம் மட்டும் போயிட்டாப் போதும், நிம்மதியா இருப்பாரு" என்றாள்.

"மாத்திரை இருக்கு. பாக்கலாம்" என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்துப் போனபோது பயம் போயிருந்தது. அப்பா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊட்டினால் விழுங்கினார். பிடித்து நிறுத்தினால் நின்றார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததற்கு முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அப்பா, மேல் ஏரி நாலாவது கல்லைத் தொட்டுடுச்சாம்."

"சரி."

"இன்னும் ரெண்டு நாள் வெயில் அடிச்சா கரை தாங்காதுன்னு பேசிக்கறாங்க."

"தாங்காது" என்றார் அவர், அவள் சொன்னதையே திருப்பி.

அவருடைய இரண்டு தோளையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஷட்டரைத் தூக்கலப்பா! யாருமே தூக்கல! சங்கிலி அறுந்து கிடக்கு. கீழ ஊரெல்லாம் போயிடும். எழுந்திருங்க, வாங்க போலாம்!" சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. பக்கத்துக் கட்டில் கிழவர் பயந்துபோய் அழ ஆரம்பித்தார். "எல்லாம் மூழ்கப் போகுதுப்பா! கேக்குதா உங்களுக்கு? நான் பாப்பா!"

அப்பா அவளைப் பார்த்தார். பேருந்தில் பக்கத்து இருக்கையில் சத்தம் போடுகிறவரைப் பார்ப்பது போல, சங்கடப்பட்டு, மரியாதையாகப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

நர்ஸ் ஓடி வந்து அவளைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப் போனாள். "என்னம்மா இது, படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கோம். இப்பதான் அடங்கியிருக்காரு. நீங்களே கிளப்பி விட்டா எப்படி? கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

அடுத்த வாரம் அவள் போகவில்லை. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள், ஏரிக்கரை கொள்ளாத கூட்டம். மேலாளர் லீவு தரமாட்டேன் என்றார், அவளும் வற்புறுத்திக் கேட்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நூறு பேருக்காவது கட்டிலைக் காட்டியிருப்பாள்.

மறுபடி அவள் போனபோது ஜன்னலோரக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். அப்பாவை உள்பக்கம், சுவரைப் பார்த்த கடைசிக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள்.

"புதுசா வந்தவரு வெளிச்சம் வேணும்னு ஒரே பிடிவாதம். அதான்" என்றாள் நர்ஸ். "இவர் ஒண்ணும் சொல்லல."

பாப்பா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டாள். நாலரை மணிக்குக் கடைசிப் பேருந்து.